பழுப்பு என்ற ஒரு சொல்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நீ மூன்று முறை "சரிப்பா" சொல்லிவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். காகிதத்தில் எழுதி ஓசூருக்குத் தபாலில் அனுப்பினால், உறையைக் கிழித்த பாவத்துக்காவது முழுதாகப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. ஒங்களுக்குத் தோதா வளைக்காதீக" என்று சொல்லிவிட்டாள். வளைக்கப் போவதில்லை. விஷயம் உன் முன்பல்லைப் பற்றியது. இந்த இடத்திலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே, ராசா.

சுந்தரபாண்டியத்தில் பெண் வீட்டில் வைத்து உனக்கும் கார்த்திகாவுக்கும் நிச்சயம் செய்தோமே, அந்த ஆல்பம் வந்து சேர்ந்தது. கார்த்திகா ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாகச் சிரிக்கிறாள். நீ எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி, தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கிறவன் முகத்தோடு நிற்கிறாய். உதடு ஒட்டியிருக்கிறது, அதன் மேல் மீசை இறங்கியிருக்கிறது. நாங்கள் பழகிப் போனவர்கள், எங்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஆல்பம் வந்த மூன்றாம் நாள் கார்த்திகா எனக்குப் போன் செய்தாள். பட்டறையில் துணி காயப்போடும் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். முகூர்த்தப் பட்டு பற்றி ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். செத்த நேரம் வெயிலைப் பற்றிப் பேசினாள். பிறகு குரல் இறங்கியது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளும்மா."

"அவியளுக்கு என்னையப் பிடிச்சுத்தான் சரின்னாகளா? இல்ல, நீங்க எல்லாரும் சொல்லுதீகன்னு சரின்னாகளா?"

துணி நிழலுக்குள் நகர்ந்து நின்றேன். அவளே தொடர்ந்தாள். "வீடியோ கால்லகூட கைய வாய் மேல வச்சுக்கிட்டுத்தான் பேசுறாக. நான் எதாச்சும் சொல்லிச் சிரிச்சா மொகத்தைத் திருப்பிக்கிடுறாக. எங்கம்மா, மாப்பிள்ள அழுத்தமான ஆளு, போகப் போகச் சரியாயிரும்ங்காக. எனக்கு அப்பிடித் தோணல மாமா. பிடிக்கலன்னா இப்பவே சொல்லிரச் சொல்லுங்க. பத்திரிகை இன்னும் அடிக்கக் குடுக்கல."

கேட்டாயா? அந்தப் பெண் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கல்யாணம் ஒன்றரை மாதத்தில் இருக்கிறது, அவள் மனதுக்குள் பாதி நிறுத்தி வைத்துவிட்டாள். காரணம் என்னவென்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதி என்னிடம் பதினாறு வருடமாக இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உனக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். வீட்டில் உன் தொந்தரவு தாங்காமல் உங்கம்மா உன்னை என்னோடு பட்டறைக்கு அனுப்பினாள். பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறையில் ஒரு பையனுக்கு விளையாட என்ன இருக்கும் என்று யாராவது கேட்டால் சிரிப்பேன். கம்பத்துக்குக் கம்பம் நீளநீளமாக வெள்ளைத் துணி தொங்கும், அதற்குள் ஓடினால் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்றே தெரியாது. நீ ஓடினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், "ஏலே, மெதுவா" என்று ஒரு தடவை சொன்னதாகவும் ஞாபகம். துணிக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பம் உனக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது நீ அழாமல் நின்றாய். முன்பல்லில் ஒரு மூலை இல்லை. வெளுத்துக் காய்ந்த துணியில் ரத்தம் பட்டுவிட்டதே என்று நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். 

மறுநாள் காலையில் உன்னைச் சீவில்லிபுத்தூரில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பல் பார்க்கிற இடத்தில் ஒரே நாற்காலி, ஒரே டாக்டரம்மா, வெளியே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். அந்த அம்மா உன்னை நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. முதலில் ஜன்னல் பக்கம் கூட்டிப் போய், வெளிச்சத்தில் நிறுத்தி, உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "பயப்படாதே, இதே பல்லுல உடைஞ்ச எடத்துல வச்சுப் பூசிரலாம், யாருக்கும் தெரியாது" என்று உன்னிடம் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பையனுக்குப் பல்லு இயற்கையாவே கொஞ்சம் பழுப்புக் கலந்த நிறம். உங்க பல்லு மாதிரியே. அதுக்குத் தகுந்தாப்லதான் வைக்கணும். இப்ப ஈறு வீங்கியிருக்கு, வீக்கம் வத்தட்டும், அடுத்த வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். கதவு திறந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் காதில் விழுந்திருக்கும்.

பழுப்பு. அந்த ஒரு சொல்தான், தம்பி. அந்த அம்மாவுக்கு அது ஒரு நிறம். எனக்கு அது அப்படி இல்லை. எங்கள் தொழிலில் துணியில் லேசாகப் பழுப்புத் தட்டினால், சேர்த்து அனுப்பிய லாட் முழுக்கத் திரும்பி வரும். எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். துணியின் முனையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "தெல்லகா லேது" என்பார். வெள்ளையாக இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் திட்ட மாட்டார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற அன்றைக்கு நான் யாரோடும் பேசாமல் படுத்ததை நீயே பார்த்திருக்கிறாய். அப்படிப்பட்டவனைப் பார்த்து, பத்துப் பேர் காதில் விழும்படி, உன் மகன் வாயிலும் பழுப்பு, உன் வாயிலும் பழுப்பு என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அழுக்குப் பிடித்த குடும்பம் என்று சொன்னது மாதிரி எனக்குப் பட்டது. கூடவே, ஓசியில் செய்துகொள்கிறவர்களுக்கு அவ்வளவுதான் மரியாதை என்றும் ஒரு நினைப்பு. அப்போதுதான் என்னைப் பட்டறையில் மேஸ்திரி ஆக்கியிருந்தார்கள், தலைக்கனமும் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை நான் உன்னைக் கூட்டிப் போகவில்லை. உங்கம்மாவிடம், டாக்டரம்மா லீவாம் என்று பொய் சொன்னேன். இந்த வரியை வாசித்துக் காட்டியபோதுதான் உங்கம்மாவுக்கே அது தெரிகிறது. பூண்டு உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. "பதினாறு வருசம் கழிச்சு நல்லாத்தான் லீவு முடிஞ்சு வந்திருக்காக டாக்டரம்மா" என்கிறாள். இன்று எனக்கு ரசத்தில் உப்பு இருக்குமா என்பது சந்தேகம்.

ராஜபாளையத்தில் ஒரு மாடியில் அப்போதுதான் புதிதாகத் தனியார் கிளினிக் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, தொட்டியில் மீன். நீ மீனைப் பார்த்து வலியையே மறந்துவிட்டாய். டாக்டர் சின்ன வயதுக்காரர், என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பல் மாதிரிகளை வரிசையாகக் கோத்த ஒரு பட்டையை எடுத்து உன் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒன்றைக் காட்டி, "இது பொருந்தும் சார்" என்றார். நான் கடைசியில் இருந்த மாதிரியில் விரலை வைத்தேன். அதுதான் அந்தப் பட்டையிலேயே வெள்ளை. "சார், அது கொஞ்சம் எடுத்துக் காட்டும்" என்றார். "டாக்டர், நான் தெனமும் வெள்ளையப் பாத்துப் பொழைக்கிறவன்" என்றேன். அவர் இன்னொரு தடவை தயங்கினார். நான் இன்னொரு தடவை விரலை அதே இடத்தில் வைத்தேன். "உங்க இஷ்டம் சார்" என்றார். நீல வெளிச்சம் காட்டிப் பூச்சை இறுக வைத்தார்கள். நீ கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன், நீயும் ஆட்டினாய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய வயது உனக்கு.

வீட்டு வாசலில் வெயிலில் உன்னைப் பார்த்த உங்கம்மா, "வாயக் கொப்புளிச்சிட்டு வாப்பா, பல்லுல சோறு ஒட்டியிருக்கு" என்றாள். நீ கொப்புளித்துவிட்டு வந்தாய். அவள் மறுபடியும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். பள்ளிக்கூடம் திறந்து பத்து நாளில் உனக்கு "சாக்பீஸ்" என்று பெயர் விழுந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. உனக்குக் கையால் வாயை மூடுகிற பழக்கம் வந்தபோதும், கூச்ச சுபாவம் என்றுதான் நினைத்தேன். பிறகு கிருஷ்ணன்கோவிலில் நீ காலேஜ் படிக்கும்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய், "அப்பா, இந்தப் பல்ல மாத்திக்கிடலாமா?" என்று. நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லாத்தானல இருக்கு, நீ என்ன பொம்பளப் பிள்ளையா? அதத் தொட்டா இருக்கதும் போயிரும்" என்றேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் மீசையை இறக்கி வளர்த்தாய். போலீசில் சேரப் போகிறவன் மாதிரி இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்த மீசை எதற்கு என்று உங்கம்மா எனக்குச் சொல்லி மூன்று வருடம்தான் ஆகிறது. உடைந்த பல்லுக்கு நான் காரணம் என்று சொல்ல முடியாது, கம்பம் காரணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒட்டிய பல்லுக்கும், அன்று சோற்றுத்தட்டு முன்னால் சொன்ன சொல்லுக்கும் நான்தான் காரணம். மன்னித்துக்கொள், தம்பி.

இன்னும் ஒன்றுக்கும் மன்னிக்க வேண்டும். உன்னைக் கேட்காமல் இதையெல்லாம் கார்த்திகாவிடம் சொல்லிவிட்டேன். களத்தில் நின்றபடியே, கம்பம் முதல் மீசை வரை ஒன்று விடாமல் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீ பல்லை மறைத்தாய், அவள் நீ மனசை மறைக்கிறாய் என்று எடுத்துக்கொண்டாள்.   முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. "இதுக்கா மாமா நான் பத்து நாளா ஒறங்காமக் கெடந்தேன்?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் அழுதாள்.

மறுநாளே கிளம்பி இரண்டு இடத்துக்கும் போனேன், உனக்காக விசாரிக்க. முதலில் சீவில்லிபுத்தூர். பழைய டாக்டரம்மா மாற்றலாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம், அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனது வீணாயிற்று. இப்போது இருப்பவர் இளைஞர். கதையைக் கேட்டுவிட்டு, "அய்யா, உங்க வாயப் பாத்து உங்க பையனுக்குப் பல்லு வைக்க முடியாது, அவரை வரச் சொல்லுங்க" என்றார். பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம், ஒரே நாளில் முடிந்துவிடும், பல்லைத் தொட்டால் பல் போய்விடாது என்றார். நிறம் தன்னிடம் நாலைந்துதான் இருக்கிறது, அதில் பொருந்துவதை வைப்பேன் என்றார். வந்தது வந்தீர்கள் என்று என் வாயையும் திறந்து பார்த்து, முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்து, அன்றைக்கே சுத்தம் செய்து அடைத்தும் விட்டார். என்ன நிறம் என்று என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது, வாயில் பஞ்சு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தேடினேன். எது பல், எது அடைப்பு என்று எனக்கே தெரியவில்லை. நல்ல பழுப்பு.

பிறகு ராஜபாளையம் கிளினிக். மீன்தொட்டி இல்லை, டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. நான் பாதி சொல்வதற்குள், "அந்த ரொம்ப வெள்ளையா?" என்றார். "இன்னும் ஞாபகம் இருக்கா டாக்டர்?" என்றேன். "எப்படி சார் மறக்க முடியும்? நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும். புதுசா கிளினிக் போட்ட நேரம், வந்தவர் எந்திரிச்சுப் போயிருவாரோன்னு பயம்" என்றார். அவரும் பதினாறு வருடமாக ஒன்றை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொன்றும் சொன்னார். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் நிறம் வெளுத்துத் தெரியுமாம், அதனால் ஈரம் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். ஈரத் துணி ஒரு நிறம், காய்ந்த துணி ஒரு நிறம். இதைத் தினமும் பார்த்துப் பிழைத்தவன் நான், எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை பார்.

எங்கே போவது என்பது உன் இஷ்டம். ஓசூரிலேயே பார்த்துக்கொண்டாலும் சரி. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சர்க்கார் ஆஸ்பத்திரி என்றால் காலையில் போய்ச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும், லீவு போட வேண்டும், இருக்கிற நிறத்தில்தான் வைப்பார்கள், ஓரத்தில் பெயர்ந்தால் மறுபடியும் வரிசை. தனியார் என்றால் நேரம் சொல்லிவிட்டுப் போகலாம், நிறம் ஏராளம், ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசி மெருகேற்ற அவர்களுக்குப் பொழுது இருக்கிறது. முன்பல்லுக்கு அந்த மெருகு நல்லதுதான் என்று சர்க்கார் டாக்டரே ஒப்புக்கொண்டார். வேலை இரண்டு இடத்திலும் சுத்தம். நான் கண்ட வித்தியாசம் வேறு. பழைய டாக்டரம்மாவுக்கு என்னைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை, அதனால் உண்மையைச் சொன்னார். ராஜபாளையத்து டாக்டருக்கு அந்த அவசியம் இருந்தது, அதனால் நான் கேட்டதைக் கொடுத்தார். தனியாரிடம் போனால் உன்னிடம் விருப்பம் கேட்பார்கள். சொல்லாதே. "ஒங்க வீட்டுப் பிள்ளைக்குன்னா எத வைப்பீக?" என்று திருப்பிக் கேள். கல்யாணத்துக்கு அப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்ல வேண்டும் என்றால், அதுவும் இதற்குள்ளேயே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் இரண்டு தடவை தயங்கினால் விரலை எடுத்துவிடு. வீட்டில் கார்த்திகா தயங்கினாலும் அப்படித்தான். நான் உங்கம்மாவிடம் அதைச் செய்திருந்தால், அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போயிருக்க மாட்டாள்.

கடைசியாக ஒன்று. அன்று போனை வைப்பதற்கு முன்னால் கார்த்திகா, "மாமா, அவிய அந்தப் பல்லோட சிரிச்ச போட்டோ ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டாள். அதற்கென்ன, எம்புட்டு வேணும் என்று சொல்லிவிட்டேன். நானும் உங்கம்மாவும் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ, காலேஜ் விழா, மாமா வீட்டுக் கல்யாணம், நீ வேலையில் சேர்ந்த நாள், போனில் இருக்கிற நூற்றுக்கணக்கான படங்கள். பத்து வயது வரை ஈறு தெரியச் சிரிக்கிறாய். பதினோரு வயதுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. உங்கம்மா இரண்டாவது தடவையும் முதலிலிருந்து தேடினாள். நான் தேடவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

பல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள். ஆனால் மாற்றுவதற்கு முன்னால், அந்த வெள்ளையோடு ஒரு தடவை நன்றாகச் சிரித்து ஒரு படம் எடுத்துக் கார்த்திகாவுக்கு அனுப்பு. அவள் பத்திரிகையை அடிக்கக் கொடுக்காமல் அதற்காகத்தான் காத்திருக்கிறாள். அவளுக்கு அனுப்பிய பிறகு, மனசு இருந்தால், எங்களுக்கும் ஒன்று அனுப்பு. உன்னை வளர்த்தவர்கள் நாங்கள், நீ பெரியவனாகிச் சிரித்தால் எப்படி இருப்பாய் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.

அப்பா